ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலையா, காலியா?

போன கிழமை முல்லைத்தீவில் இருந்து தங்கச்சி கூப்பிட்டாள். "அக்கா, ஓகஸ்ட்டில மூண்டு நாள் லீவு கிடைக்கும். பிள்ளையளுக்கு ஒரு பழைய துறைமுகப் பட்டினம் காட்டவேணும். கோட்டையும் பாக்கவேணும், றோட்டுக்கடைச் சாப்பாடும் சாப்பிடவேணும். திருகோணமலையோ காலியோ, நீங்கள் சொல்லுங்கோ." பெறாமகனுக்குப் பதின்மூன்று வயது. வரலாற்றுப் பாடத்தில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்ததில் இருந்து அவனுக்கு இதே கதைதான். சின்னவளுக்கு ஒன்பது, கடல்தான் வேண்டும். கூடவே அம்மா. எழுபது கடந்துவிட்டது, முழங்கால் நோ.

தொலைபேசியில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஊருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் நான். வன்னியில் இருந்து இதே கணக்கைப் போடும் வேறு வீடுகளும் இருக்கும் என்பதால் யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணமும் மன்னாரும் ஏன் கணக்கில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கோட்டை பார்க்க வேண்டியதுதான். ஐந்து மூலை வைத்து ஒல்லாந்தர் கட்டிய அந்த மதிலில் நின்று கடனீரேரியைப் பார்ப்பதே ஒரு சுகம். ஆனால் என்னைப் போன்ற கிளிநொச்சிக்காரருக்கு அது காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும் இடம். ஆஸ்பத்திரிக்கும் உடுப்பு எடுக்கவும் போகும் ஊருக்கு மூன்று நாள் லீவைச் செலவழிக்கத் தேவையில்லை. மன்னாரில் 1560இல் போர்த்துக்கேயர் தொடக்கிய கோட்டை, பள்ளிமுனைப் பெருக்க மரம், தலைமன்னார் பழைய இறங்குதுறை மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். தனுஷ்கோடிக் கப்பல் 1964 புயலோடு நின்ற கதையைப் பிள்ளைகளுக்கு அந்த இறங்குதுறையில் வைத்தே சொல்லலாம். அதற்கு ஒரு சனிக்கிழமை போதும்.

சரி, மிச்சம் இரண்டு.

தூரத்தில் தொடங்குவோம். எங்கள் பக்கத்துச் சனம் பெரும்பாலும் வவுனியாவில் கூடித்தான் வெளியூர் புறப்படும். அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 95 கிலோமீற்றர். காலை பஸ் எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடலாம். காலிக்கு முதலில் கொழும்பு, அதுவே 250 கிலோமீற்றருக்கு மேல். அதற்கப்பால் தெற்கே இன்னும் 120. ஒரே மூச்சில் போக ஏலாது. வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ லொட்ஜிலோ ஓர் இரவு தங்கித்தான் ஆகவேண்டும். போகவர இரண்டு நாள் பயணத்திலேயே போய்விட்டால், மூன்று நாள் லீவில் ஊர் பார்க்க ஒரு நாள்தான் மிஞ்சும்.

அடுத்தது மழைக்காலம், கடல். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஓகஸ்ட்டில் தென்மேல் பருவக்காற்று வீசும், காலிக் கடல் கொந்தளிக்கும். மதிலில் நின்று அலை அடிப்பதைப் பார்க்கலாம், குளிக்க நம்பி இறங்க முடியாது. அதே ஓகஸ்ட்டில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். சின்னவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடினாலும் பயம் குறைவு. டிசெம்பரில் இது அப்படியே தலைகீழ். வாடைக்காற்றில் திருகோணமலைக் கடல் குமுறும், காலியில் வெயில் தெளிந்திருக்கும். ஆகவே எந்த ஊர் என்ற கேள்வியோடு எந்த மாதம் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

கடலைத் தள்ளிவைத்துக் கோட்டையை மட்டும் பார்த்தால் எது பெரிது? இங்கேதான் எனக்கு மனம் இரண்டாகப் போகிறது.

காலியில் போர்த்துக்கேயர் 1588இல் சிறு அரண் ஒன்று கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்து, கல்லும் பவளப்பாறையும் வைத்து முழு முனையையும் மதிலால் வளைத்தார்கள். பழைய வாசலின் உட்பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கிறது, உச்சியில் ஒரு சேவல். அதே வாசலின் வெளிப்பக்கத்தில் பிரித்தானிய அரச சின்னம். ஒரே வாசலில் முகத்துக்கு ஒரு ஆட்சி. பெறாமகன் மாதிரிப் பிள்ளைக்கு அந்த வாசலில் கால் மணி நேரம் நின்றால் ஒரு பாடம் முடிந்துவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வாசலோ மதிலோ இல்லை. உள்ளே சனம் வாழ்வதுதான். வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் பழைய கட்டடம் என்றால் இடிந்த சுவர், கூரை இல்லாத வீடு, ஆல் முளைத்த மாடம். காலிக் கோட்டைக்குள் நுழைந்தால் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறார்கள். நீதிமன்றத்துக்கு முன்னால் மர நிழலில் வழக்குக்கு வந்த சனம் குந்தியிருக்கிறது. முந்நூறு வருசத்துத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அரிசி புடைக்கிறார்கள். 1755இல் கட்டிய ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், சிலவற்றில் மண்டையோடும் எலும்பும் செதுக்கியது. அங்கிருந்து வெளிச்சவீட்டுப் பக்கம் நடந்தால் தேவாலயம் மாதிரியே முகப்பு வைத்த வெள்ளைப் பள்ளிவாசல். அதற்குப் பக்கத்துச் சின்னக் கடையில் நான் கையால் சைகை காட்டித் தண்ணீர்ப் போத்தல் கேட்க, தொப்பி போட்ட ஐயா ஒருவர், "எங்க இருந்து வாறீங்க?" என்று தமிழில் கேட்டார். கிளிநொச்சி என்றதும் அம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். சிங்கள ஊரில் எப்படிக் கதைப்பது என்று வழி முழுக்கப் பயந்த அம்மா, அந்தக் கதிரையில் அரை மணி நேரம் இருந்து ஊர்க்கதை பேசினார்.

காலியில் தமிழுக்கு இதைவிடப் பழைய அடையாளமும் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியோடு நிறுவிய கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்ததாம். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. தேனாவரை என்பது காலிக்கும் கிழக்கே உள்ள தெவிநுவர. ஆனால் அந்தக் கல்லைத் தேடிக் காலிக்குப் போகாதீர்கள், அது இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் போகிறவர்கள் கொழும்பில் தங்கும் அன்றைக்கே அதைப் பார்த்துவிடலாம்.

கிரிக்கெட் பைத்தியம் உள்ள பிள்ளை என்றால் இன்னொன்று. கோட்டை மதிலில் ஏறினால் கீழே காலி மைதானம் முழுதாகத் தெரியும். 2010 ஜூலையில் முரளிதரன் தன் 800ஆவது விக்கெட்டை, தன் கடைசி டெஸ்ட் போட்டியில், வீழ்த்திய மைதானம். ரிக்கற் இல்லாமல் மதிலில் நின்று ஆட்டம் பார்க்கிற வழக்கம் அங்கே உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு திருகோணமலையை எப்படி முன்னுக்கு வைக்கிறாய் என்று கேட்பீர்கள்.

திருகோணமலைக் கோட்டை காலியைப் போல ஓர் ஊர் இல்லை. உள்ளே இன்றைக்கும் இராணுவ முகாம் இருக்கிறது, பெரும்பகுதிக்குள் நாங்கள் போக முடியாது. வாசலில் இருந்து கோயிலுக்குப் போகும் ஒரு பாதைதான் எங்களுக்கு. கட்டடக் கலையைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பாதையின் முடிவில் கோணேஸ்வரம் இருக்கிறது. சம்பந்தர் பதிகம் பாடிய கோணமாமலை. போர்த்துக்கேயர் 1620களில் அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை வாசல் கல்லைக் கவனித்துப் பாருங்கள், இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. எல்லோரும் அந்த வாசலால் ஓட்டோவில் விர்ரென்று போய்விடுகிறார்கள். இறங்குங்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து அந்த மீன்களைக் காட்டுங்கள். காலி வாசலில் சேவல் பார்ப்பது ஒல்லாந்தரின் கதை. இங்கே மீன் பார்ப்பது எங்கள் கல்லின் கதை. 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று ஆட்சி கைமாறிக்கொண்டே போக, மேலே பாறையில் வெற்றிடத்துக்கே சனம் பூப்போட்டுக் கும்பிட்டு வந்திருக்கிறது. புதைந்து கிடந்த விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. பெறாமகனின் புத்தகத்தில் ஒரு பந்தியில் முடியும் விசயம் இங்கே காலுக்குக் கீழே கிடக்கிறது.

அம்மாவின் முழங்காலுக்கும் திருகோணமலைதான் தோது. ஓட்டோ கோயிலுக்குக் கிட்டவரை போகும், படிகள் அதிகம் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம்: செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஓகஸ்ட் வெயிலில் பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கிவிடும். காலை ஏழரைக்குப் போங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு. காலியில் மதிலைச் சுற்றி நடந்தால்தான் காலி. அந்த நடை ஒரு மணி நேரத்துக்கு மேல், நிழல் கிடையாது. அம்மா அங்கே பாதியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை நான் தனியாகத்தான் நடந்தேன்.

அப்புறம் சாப்பாடு. தங்கச்சி கேட்டதே அதைத்தானே.

காலிக் கோட்டைக்குள் கடைகள் அழகு, விலை வெள்ளைக்காரருக்கு. நாலு பேருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே கொடுக்கிற காசுக்கு, வாசலைத் தாண்டி பஸ் நிலையப் பக்கம் வந்தால் இரண்டு நாள் சாப்பிடலாம். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கொறுக்காய் போட்டுச் சுண்ட வைத்த மீன். அந்தப் புளிமீன் எங்கள் புளிக்கறி மாதிரி இல்லை, குழம்பே இருக்காது, கறுத்த மசாலா மீனில் ஒட்டியிருக்கும். மூன்று நாளானாலும் கெடாது என்று கடைக்காரர் சொன்னார். தெருவில் வாங்கித் தின்ன என்றால் மதிலில் மாங்காய் விற்கிறவர்கள்தான். மாங்காயைப் பூ மாதிரிக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் அப்பித் தருவார்கள். கடற்காற்றில் அதைத் தின்பது நல்ல சுகம். ஆனால் அதற்கு மேல் அங்கே தெருச்சாப்பாடு பெரிதாக இல்லை.

உண்மையில் காலிப் பயணத்தின் நல்ல தெருச்சாப்பாடு வழியில், கொழும்பில் இருக்கிறது. காலிமுகத்திடலின் இறால் வடை. பெயரில் காலி இருந்தாலும் அது கொழும்புக் கடற்கரை, பிள்ளைகள் குழம்புவார்கள், முன்னமே சொல்லிவையுங்கள். தட்டையான பருப்பு வடையின் மேல் தலையோடு இறாலைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுத் தருவார்கள். அங்கே வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். சட்டியில் இருந்து இறங்குகிற வண்டிலைத் தேடுங்கள். ஆறின வடையில் இறால் றப்பர்.

திருகோணமலையில் தெருச்சாப்பாட்டுக்கு நேரம் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, இடம் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரை. ஊர்ச்சனம் பிள்ளைகுட்டியோடு மணலில் வந்து குந்தும். வண்டில்கள் வரிசையாக வரும். அவித்த கடலையைத் தாளித்து, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுப் பேப்பர்ச் சுருளில் தருகிறவர், அச்சாறு விற்கிறவர், கச்சான், சோளம். நாங்கள் போன அன்று ஒரு வண்டிலில் கணவனும் மனைவியும் வடை சுட்டார்கள். அவர் கையில் தண்ணீர் தொட்டு, பருப்பு உருண்டையை உள்ளங்கையில் தட்டி, ஓரத்தில் இரண்டு சின்ன இறாலை விரலால் அழுத்தி, சட்டியின் விளிம்பால் வழுக்கி விடுவார். மனைவி துளைக்கரண்டியால் வடையை ஒரு முறைதான் திருப்புவார், இரண்டாம் முறை தொடமாட்டார். எண்ணெய் சத்தம் குறைந்ததும் எடுத்துவிடுவார். ஒவ்வொன்றும் வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம். நான் ஐந்து தின்றேன். அந்த நேரம் ஒரு புள்ளிமான் வந்து எங்கள் பேப்பரை மோந்தது. கோட்டைக்குள் வாழும் மான்கள் ஊருக்குள் ஆடு மாடு மாதிரித் திரிகின்றன. அவை பொலித்தீனையும் தின்று செத்துப்போகின்றன. தயவுசெய்து பையைக் கையோடு கொண்டுவாருங்கள், மானுக்கு வடை ஊட்டவும் விடாதீர்கள்.

இராச்சாப்பாட்டுக்குக் கொத்துறொட்டிக் கடைகள் நகரத்தில் தாராளம். நண்டு, கணவாய் கேட்டால் விலையை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தயிரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மா இரண்டு ஊரையும் தயிரை வைத்துத்தான் எடைபோட்டார். இடம்பெயர முன்னம் எங்கள் வீட்டில் எருமை நின்றது. அவருக்குத் தயிர் என்றால் சட்டியைச் சரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓரத்துக்கு ஓடக்கூடாது, ஏடு கிழியக்கூடாது. காலி வழியில் மண்சட்டித் தயிர் வாங்கினோம், மேலே கித்துள் பாணி ஊற்றித் தந்தார்கள். பாணி அருமை, கறுப்பாக, புகை மணத்தோடு. அம்மா பாணியை ஒரு போத்தல் வீட்டுக்கே வாங்கினார். தயிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊரான கிண்ணியாவின் தயிரைத் திருகோணமலையில் வாங்கியபோது சட்டியைச் சரித்தார், இன்னும் கொஞ்சம் சரித்தார், பிறகு கடைக்காரப் பெடியனைப் பார்த்து, "இது நல்ல தீனி திண்ட எருமை" என்றார். அந்த ஒரு சட்டியை நாங்கள் மூவரும் சீனி போட்டே முடித்தோம். என் யோசனை, பாணியைத் தெற்கில் வாங்கிவைத்து, தயிரைக் கிண்ணியாவில் வாங்க வேண்டும்.

காலி ரயிலைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஏறி வலது பக்க யன்னலில் இருந்தால் வழி முழுக்கக் கடல். சில இடங்களில் அலைத்தூறல் முகத்தில் படும். சின்னவளுக்கு அந்த இரண்டு மணித்தியாலச் சொச்சப் பயணமே ஒரு சுற்றுலா. ஆனால் ஹிக்கடுவைக்கு முன் பெரலிய வரும். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் ஒரு முழு ரயிலையே புரட்டி, ஆயிரத்துக்கும் மேல் சனத்தைக் கொண்டுபோன இடம். பாதையோரம் நினைவுச் சிலை நிற்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில் அதே காலையில் யாரை யாரை இழந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த இடம் கடந்தபோது எதிரே இருந்த ஒரு சிங்கள அம்மா கையைக் கூப்பினார். எங்கள் அம்மாவும் கூப்பினார். இரண்டு பேருக்கும் மற்றவரின் பாசை தெரியாது. காலியில் இறங்கும்வரை ஒருவருக்கொருவர் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். கோட்டை மதில் அன்றைக்கு உள்ளே இருந்தவர்களைக் காத்தது, வெளியே பஸ் நிலையமும் மைதானமும் அழிந்தன. தங்கச்சி வீட்டுக்காரரின் தமக்கை அலையில் போனவர். அவள் இந்த வழியால் போவதென்றால் முன்னமே தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆக, தங்கச்சிக்கு என் பதில் இது. இந்த ஓகஸ்ட்டில், அம்மாவோடு, மூன்று நாளுக்குத் திருகோணமலை. காலியை விட்டுவிடாதே. பெடியன் அந்தக் கோட்டைத் தெருக்களில் நடந்தே ஆகவேண்டும். டிசெம்பர் லீவில் ஐந்து நாளாக வைத்து, கொழும்பு நூதனசாலையையும் சேர்த்து, அவனையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போ. அம்மாவை என்னிடம் விடு. ரயில் இருக்கையை நேரத்தோடு பதிவு செய், லீவுக் காலத்தில் கடைசிக் கிழமை தேடினால் கிடைக்காது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகில் போவதைப் பற்றிக் கேட்டாய். அம்மா இல்லாத பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், படகில் ஏறி இறங்க அவரால் ஏலாது.

முதல் நாள் வவுனியாவில் இருந்து போகும் வழியிலேயே கன்னியாவில் இறங்குங்கள், நகரத்துக்குச் சில கிலோமீற்றர் முன்னம். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இராவணன் தாய்க்குக் கருமம் செய்ய வாளால் குத்தி எடுத்தது என்பார்கள். வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். சின்னவளை ஆகச் சூடான கிணற்றில் தொடங்க விடாதே. அம்மாவின் முழங்காலுக்கு நாலு வாளி ஊற்று, மாற்றுச் சேலையைப் பையின் மேலே வை. போனமுறை அடியில் வைத்துவிட்டு, ஈரத்தோடு அவரை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டேன்.